வேலை யாரிடம் போய்ச் சேருகிறது: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சி, கூட்டுறவுப் பயிற்றுநர்:

சோர்ந்துபோன குழுக்களோடும் அவற்றின் பொறுப்பாளர்களோடும் வேலை செய்தவர்கள் இங்கே எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

சங்கம், பிரதேச மட்ட அலுவலகம், தொண்டு நிறுவனம் என்று எங்கே பயிற்சிக்குப் போனாலும் பொறுப்பாளர்களின் முறைப்பாடு ஒன்றுதான்: "ஆட்கள் இருக்கிறார்கள், மனம் இல்லை." அதற்கு அவர்கள் கேட்கும் மருந்து ஓர் உற்சாக உரை. நான் அப்படி உரை ஆற்றுவதில்லை. உரையில் கிளம்பிய சூடு திங்கட்கிழமை வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்போதே ஆறிவிடும்.

வவுனியா வடக்குப் பக்கம் கால்நடை வளர்ப்போர் சங்கம் ஒன்று. மீள்குடியேற்றக் காலத்தில் வீடு வீடாகப் போய் ஆட்களைச் சேர்த்து அதைக் கட்டியெழுப்பிய அக்காதான் இன்றும் முகாமையாளர். பால் சேகரிக்கும் இளைஞர்கள் ஏனோதானோவென்று வேலை செய்கிறார்கள், பாலில் கொழுப்பு அளவு குறைவு, அதனால் விலையும் குறைவு என்று சொன்னால் பண்ணையாளர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று அழைத்தார். இளைஞர்களிடம் போகுமுன் அவரோடுதான் நெடுநேரம் இருந்தேன். காலையிலிருந்து மாலைவரை அறிக்கை நிரப்புகிறார். ஒரு காலத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் சொல்லக்கூடியவர், பட்டிப் பக்கம் போயே நீண்ட காலமாகிவிட்டது. "இந்தப் பால் சங்கத்துக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று சில நாள் தோன்றுகிறது தம்பி" என்றார்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், தன்னால் பயனில்லை என்ற எண்ணம். அதை நோய் என்று அது சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. அக்காவிடம் மூன்றும் இருந்தன. எல்லோரையும் தட்டிக்கொடுக்க வேண்டியவர் அவர். அவரைக் கேட்க ஆள் இல்லை.

அறிக்கைகளில் பாதியைக் கணக்காளரிடம் ஒப்படைக்கச் சங்க நிர்வாகத்தை இணங்கவைத்தோம். அந்த நேரத்தில் வாரம் ஒருமுறை பால் சேகரிக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு பண்ணையாளர் வீட்டுக்குப் போவது என்று அவரே தீர்மானித்தார். பால் காசு எந்தப் பிள்ளையின் டியூஷனுக்குப் போகிறது, எந்த வீட்டில் அது மட்டுமே வருமானம் என்பதெல்லாம் இளைஞர்களுக்கு அங்கேதான் தெரியவந்தது. கொழுப்பு ஏன் குறைந்தது என்று கேட்ட ஒரு தாயிடம், தீனி மாறினால் கொழுப்பும் மாறும் என்று ஓர் இளைஞர் விளக்கினார். அதுவரை அவர் அந்தத் தாய்க்கு விலையைக் குறைக்கும் ஆள். இப்போது பரிசோதனையை எல்லோரும் பார்க்க வெளியே மேசை போட்டுச் செய்கிறார்கள். அது அவர்களுடைய யோசனை.

இது வன்னிக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நிதி திரட்டிய ஊழியர்களில் ஒரு பகுதியினரை, அந்த நிதியில் புலமைப்பரிசில் பெற்ற மாணவர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய பணம் 171 சதவீதமும் கூடியிருந்தன. உளவியலாளர் அடம் கிராண்டும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. எந்த மேலதிகாரியும் அங்கே உரை ஆற்றவில்லை.

பளை, மிதிவெடி அகற்றும் குழுவின் பொறுப்பாளர்:

அண்ணா எழுதியது உண்மை. எங்கள் நிலைமை கொஞ்சம் வேறு. இந்த வேலை யாருக்காக என்று என் குழுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகமாலையில் ஒரு காணியைக் கையளித்தபோது, சொந்தக்காரர் தலையற்ற பனைகளுக்கு நடுவே நின்று எல்லை எதுவென்று தேடினார். கிணற்றுக் கட்டைக் கண்ட பிறகுதான் "இது எங்கள் வளவு" என்றார். அன்று எங்கள் பெண்கள் ஒருவரும் மதிய உணவுக்கு அவசரப்படவில்லை.

ஆனால் அந்த நாளுக்கும் அடுத்த கையளிப்புக்கும் நடுவே மாதக்கணக்கு இருக்கிறது. பாரமான கவச அங்கி, முகத்தை மூடிய கண்ணாடி, சித்திரை வெயில், முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைச் சீவுதல். மாலையில் திரும்பிப் பார்த்தால் சில சதுர மீட்டர்தான். நாங்கள் நகர்கிறோமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் கை கவனம் இழக்கும், இந்த வேலையில் அதற்கு இடங்கொடுக்கக்கூடாது. வரைபடம் முன்பு அலுவலகத்துக்குள் இருந்தது. அதைப் பெரிதாக அச்சிட்டுக் களத்துக் கொட்டிலில் மாட்டினேன். அன்றன்று துப்புரவாக்கிய பகுதிக்கு அதைச் செய்தவரே நிறம் தீட்டுவார். பச்சை பரவுவதைப் பார்க்கப் பார்க்கப் பேச்சே மாறிவிட்டது.

இன்னொன்று, இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய ஆண்டு 2028. நன்றாக வேலை செய்தால் வேலை சீக்கிரம் முடியும். முடிந்தால் சம்பளம் இல்லை. என் குழுவில் பலர் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள். "அக்கா, இதற்குப் பிறகு?" என்ற கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி முழு மனத்தோடு வேலை செய்வார்? மாதம் ஒருமுறை அதை மட்டுமே பேசுகிறோம். வாகன அனுமதிப்பத்திரம் எடுப்பது, முதலுதவிச் சான்றிதழ், இயந்திரம் ஓட்டப் பழகுவது. வேலை முடிந்துபோகும் என்பதைப் பொறுப்பாளர் முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் என்னை நம்பினார்கள்.

முல்லைத்தீவு, அபிவிருத்தி உத்தியோகத்தர்:

இரண்டு பேரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அர்த்தத்தைப் பற்றிப் பேசுமுன் பஸ்ஸைப் பற்றிப் பேசுங்கள். எங்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டு வருகிறவர்கள். பட்டதாரி நியமனத்தில் வந்தபோது சிலருக்கு மேசை இல்லை, சிலருக்கு வேலையே பிரித்துத் தரப்படவில்லை. பட்டம் பெற்ற ஒருவரை நாள் முழுக்கச் சும்மா உட்காரவைத்துவிட்டு "மக்கள் சேவை மகேசன் சேவை" என்று கூட்டம் வைத்தால் அது அவரைப் புண்படுத்தும். முதலில் கதிரை, போக்குவரத்து, ஒழுங்கான வேலைப் பங்கீடு. அதற்குப் பிறகு அர்த்தம்.

ஒரு நல்ல காலமும் இருந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் எல்லோரும் தினமும் வர முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்போதிருந்த மேலதிகாரி வேலையை ஊர்வாரியாகப் பிரித்தார். ஒவ்வொருவருக்கும் சில கிராம அலுவலர் பிரிவுகள். அங்கே வரும் விண்ணப்பத்தைப் பதிவதிலிருந்து உதவி கைக்குப் போகும்வரை ஒருவரே பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு கோப்பு பல மேசைகளில் ஏறி இறங்கும். அது எங்கே போய் முடிந்தது என்று எவருக்கும் தெரியாது. எரிபொருளே இல்லாத அந்த மாதங்களில்தான் நாங்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வேலை செய்தோம். வீதியில் கண்ட அம்மா "பிள்ளை, அந்தக் காசு வந்தது" என்று நிறுத்திச் சொல்வார். அந்த ஆண்டு எனக்குச் சம்பளம் கூடவில்லை, விலைவாசி தாங்கவில்லை, இருந்தும் இடமாற்றம் கேட்க நினைக்கவில்லை.

பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. வந்தவர் பழைய முறைக்கே போனார். ஒரு மனிதரின் நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டை எப்படி நிலைக்கவைப்பது? அதைச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி, கூட்டுறவுப் பயிற்றுநர்:

தங்கை சொன்ன வரிசையே சரி: கதிரையும் பஸ்ஸும் முதலில்.

உங்கள் கேள்விக்கு எங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தைப் பாருங்கள். சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், வாய்க்கால் எப்போது திறக்கும் என்பவை அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளும் சேர்ந்திருக்கும் சபையில் முடிவாகிப் பதிவாகின்றன. அரச அதிபர் மாறுகிறார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் மாறுகிறார், கூட்டம் நடக்கிறது. முடிவில் பங்குள்ளவர்கள் அலுவலகத்துக்கு வெளியிலும் இருப்பதுதான் காரணம். உங்கள் ஊர்வாரிப் பங்கீட்டால் பயன்பெற்றவர்கள் ஊர்ச் சங்கங்களில் இருக்கிறார்கள். அந்த முறையில் எத்தனை விண்ணப்பங்கள் எவ்வளவு நாளில் முடிந்தன என்று பதிவேட்டிலிருந்து எடுத்து, அவர்கள் மூலமே புதியவரிடம் வையுங்கள். அவரைக் குறை சொல்வதாக இல்லாமல் அவருக்குக் கிடைக்கும் நற்பெயராக அது போகட்டும்.

முல்லைத்தீவு, அபிவிருத்தி உத்தியோகத்தர்:

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் இன்று பேசினேன். அடுத்த கூட்டத்துக்குப் பிரதேச செயலாளரை அழைக்கிறார்கள். பதிவேட்டுக் கணக்கை நானும் என் சக ஊழியர் ஒருவரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பளை அக்கா, உங்கள் வரைபட யோசனையையும் எடுத்துக்கொள்கிறோம்; எங்கள் பிரிவுகளின் வரைபடம் அலுவலகச் சுவரில் ஏற்கனவே இருக்கிறது.