கிளிப் டைட் செய்த வலி, மாத்திரை இல்லாமல் என்ன செய்யலாம்?

காட்பாடி அம்மா:
மகளுக்கு 13 வயது, பல்லுக்கு கிளிப் போட்டு மூன்று மாதம். டைட் செய்துவிட்டு வந்தால் அன்று ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்க இட்லியைக்கூட மெல்ல முடியாமல் அழுகிறாள். வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறதாம். நேற்றுதான் டைட் செய்தோம். வேறு வழி இருக்கிறதா?

குடியாத்தம்காரன்:
அக்கா, நான் காலேஜில் ரெண்டு வருஷம் போட்டிருந்தேன். முதல் ரெண்டு நாள்தான் கொடுமை, அப்புறம் தானாகக் குறையும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி கன்னத்து மேல் பத்து நிமிஷம் வையுங்கள். எனக்குச் சோறு போட்டது கேழ்வரகுக் கூழ்தான், மோர் விட்டுக் கரைத்து, கடித்துக்கொள்ள வெங்காயம் இல்லாமல் (அது என்ன கூழ் என்று கேட்காதீர்கள்). நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். ஆம்பூர் பிரியாணி மட்டும் ஒரு வாரம் வேண்டாம், நான் எலும்பைக் கடித்து, பல்லில் ஒட்டியிருந்த ஒரு பிராக்கெட்டைப் பெயர்த்தவன்.

ஆரணி பாட்டி:
கிராம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு தடவும்மா, உடனே அடங்கும்.

பல் ஆஸ்பத்திரி உதவியாளர்:
பாட்டி, அது சொத்தைப் பல்லுக்குச் சரி. இங்கே வலி பல்லுக்குள்ளே இல்லை, பல்லின் வேரை எலும்போடு பிடித்திருக்கும் நாரில் அழுத்தம் விழுந்து அது வீங்குவதால் வருவது. எண்ணெய் அங்கே போகாது, ஈறில் பட்டால் எரியும். சில வகை ஒயர் வாய்ச் சூட்டில்தான் முழு வேகத்தில் இழுக்கும், குளிர்ந்த தண்ணீரை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சற்று இளகும், அதனால் டைட் செய்த அன்று சூடான காபி வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வதும் சிலருக்கு உதவுகிறது, ஆனால் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு. உதட்டில், கன்னத்தில் புண் என்றால் கதை வேறு: உரசும் பிராக்கெட்டைத் துடைத்து ஈரமில்லாமல், கிளிப்புக்கென்றே கொடுக்கும் மெழுகை ஒட்டுங்கள், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கட்டும். ஒயர் முனை குத்தினாலோ, முகம் வீங்கினாலோ, ஒரு வாரம் தாண்டியும் வலித்தாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

காட்பாடி அம்மா:
மெழுகு டப்பா முதல் நாளே கொடுத்தார்கள், பிரிக்கவே இல்லை! இன்று ஐஸ் வைத்தேன், நாலு நுங்கு உள்ளே போனது. கூழைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறாள், ஆற்காடு மக்கன் பேடா மெதுவாகத்தானே இருக்கும் என்று கேட்கிறாள்.

குடியாத்தம்காரன்:
கொடுங்கள் அக்கா, ஒன்றே ஒன்று. பாகு கம்பியில் ஒட்டும், உடனே பல் தேய்க்கச் சொல்லுங்கள்.