கிட்டார் 'நட்டு'க்குத் தமிழ்ச்சொல்: வியாழனுக்குள் வேண்டும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் நடக்கும் சனிக்கிழமைக் கிட்டார் வகுப்புக்குத் தமிழில் பயிற்சித்தாள் எழுதுகிறேன். வியாழன் இரவு அச்சுக்குப் போகவேண்டும், ஒரு சொல்லில் நின்றுவிட்டது. விரல்பலகை முடிந்து தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் ஆறு கம்பியும் ஆறு வெட்டில் உட்காருமே, எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சின்னப் பட்டை, ஆங்கிலத்தில் 'நட்' என்பார்களே, அதுதான்.

போன பருவத்தில் "நட்டு தளர்ந்திருந்தால் சரிசெய்க" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பையன் தலைப்பகுதி மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த உண்மையான நட்டை முக்கால் சுற்று முறுக்கிவிட்டான். அது கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டின் நட்டு. கழுத்து பின்பக்கம் வளைந்து, முதல் மெட்டுகளில் (விரல்பலகையின் குறுக்குப் பட்டைகளில்) கம்பி உரசி இரைந்தது. தளர்ந்த பட்டை அப்படியேதான் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டியது இரண்டு சொட்டுப் பசை.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து:

வீணையில் கம்பியைத் தாங்கும் குதிரை, மெட்டு, கம்பியை முறுக்கும் பிருடை எல்லாம் இருப்பதுபோல இதற்கும் பேர் இருக்கிறது தம்பி: மேரு. எடுத்துக்கொள்ளுங்கள்.

லெனேசியாவிலிருந்து:

மேரு வடசொல். நம்மிடம் யாழ் இருக்க ஏன் கடன்? சிலப்பதிகாரத்துக் கானல்வரி பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்று யாழின் உறுப்புகளை அடுக்குகிறது. பொருநராற்றுப்படையில் திவவு வருகிறது, கரிய பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்களைப் போல. திவவு என்றே வைப்போம்.

வெருலத்திலிருந்து:

உவமை அழகுதான் ஐயா, ஆனால் வேலை வேறு. திவவு யாழின் தண்டான கோட்டில் நரம்பை இறுக்கிக் கட்டும் கட்டு. யாழில் விரல்பலகையே கிடையாது, நரம்புக்கு ஒரு சுரம். இந்தப் பட்டை கம்பியைக் கட்டுவதில்லை, ஒலிக்கும் நீளம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது. கட்டு என்றாலே எனக்கு ஜூலு மக்களின் வில்வாத்தியமான உமக்வெயானாதான் நினைவுக்கு வரும். வில்லின் ஒற்றைக் கம்பியை ஒரு வளையம் இழுத்துப் பிடித்து இரண்டாகப் பிரிக்கும், சுரைக்குடுக்கை மார்பில் படும். அந்த வளையத்தைத் திவவு என்றால் ஒப்புக்கொள்வேன்.

டோங்காட்டிலிருந்து:

நீளத்தின் எல்லை என்றால் வரப்பு. வரை, வரம்பு, வரப்பு மூன்றும் ஒரே வேர். 1860இல் ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் கரும்புக்காட்டில் பாடுபட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் அழியாமல் இருக்கும் சொற்களில் வரப்பும் ஒன்று. பொருளும் கச்சிதம்: வரப்பு உயரமாக இருந்தால் முதல் மெட்டில் அழுத்தும்போது சுருதி ஏறிவிடும், வெட்டு ஆழமாகிவிட்டால் அழுத்தாத கம்பி இரையும். ஔவை வரப்புயர என்று வாழ்த்தினாள், கிட்டாரில் அளவாக உயரவேண்டும்.

பீனிக்ஸிலிருந்து:

அண்ணா, என் மாணவர்கள் வரப்பைப் பார்த்ததே இல்லை. வாரம் ஒருநாள் தமிழ் படிக்கும் பிள்ளைகள். கீழே கம்பி தாங்குவதைக் குதிரை என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தாயிற்று. மேலே இருப்பது தலைக்குதிரை. விளக்கமே தேவையில்லை.

லெனேசியாவிலிருந்து:

புரிந்தால் போதும் என்று இறங்கினால் கடைசியில் நட்டிலேயே போய் நிற்போம்.

பீனிக்ஸிலிருந்து:

நட்டைத் தவிர்க்கத்தானே ஐயா இவ்வளவும்! குதிரையும் தலையும் தமிழில் இல்லையா? ஒன்று மட்டும் இடிக்கிறது. கம்பியை இரு முனையிலும் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் வகைக் கிட்டாரில் கம்பியைப் பூட்டும் திருகுகள் அங்கேயே இருக்கும், அதைச் சாவியால்தான் முடுக்கவேண்டும். அதைப் பூட்டுத் தலைக்குதிரை என்று தனியே எழுதிவிடலாம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

புதன் இரவு பதினொன்று. தலைக்குதிரைக்கு நால்வர், மேருவுக்கு ஒருவர், திவவுக்கு ஒருவர், வரப்புக்கு ஒருவர். தாளில் இப்படிப் போகிறது:

"தலைக்குதிரை ஆடினால் கம்பிகளைத் தளர்த்தி அதை வெளியே எடு. பள்ளத்தில் காய்ந்த பழைய பசையைச் சுரண்டு. மரப்பசை இரண்டே சொட்டு. அதிகம் வைத்தால் அடுத்தமுறை கழற்றும்போது மரம் பெயரும். ஓரக்கம்பிகள் இரண்டு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார். கம்பியை முறுக்கு, அந்த அழுத்தமே பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்க விட்டுவிடு."

டோங்காட்டிலிருந்து:

தாளில் எப்படி வேண்டுமானாலும் போடுங்கள். ஞாயிறன்று பேரன் கிட்டாரில் அதைத்தான் ஒட்டினோம். பசை காய்வதற்குள் அவன் கேட்டான், "தாத்தா, வரப்பு நேராக இருக்கிறதா?" நான் இனி வேறு சொல் சொல்லமாட்டேன்.