33 வயசுல எக் ஃப்ரீஸிங் பண்ணலாமா, லேட்டாயிடுச்சா?

கோவைக்கிளி: கல்யாண ஐடியா இப்போதைக்கு இல்ல ஆனா குழந்தை ஆசை நெறைய இருக்கு, அதான் கருமுட்டைய எடுத்து பின்னாடி யூஸ் பண்ண உறைய வெச்சுக்கலாம்னு பார்க்கறேன். ஏஎம்ஹெச் டெஸ்ட்ல (முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பார்க்குற ரத்த டெஸ்ட்) 1.2தான் வந்துச்சு, கொஞ்சம் கம்மி, பார்த்ததுலேர்ந்து தூக்கமே இல்ல. பண்ணவங்க யாராச்சும் சொல்லுங்கப்பா, ஊசி ரொம்ப வலிக்குமா?

மதுரைக்காரி: பயப்படாதீங்க சிஸ், நான் 35ல பண்ணேன். பீரியட்ஸ் ரெண்டாம் நாள் ஸ்கேன், அப்புறம் முட்டை வளர பத்து பன்னெண்டு நாள் தினமும் ஊசி, தொப்புள்லேர்ந்து ரெண்டு விரல் தள்ளி சதையப் புடிச்சு நானே போட்டுக்கிட்டேன், எறும்புக்கடி மாதிரிதான். ஃப்ரிட்ஜ்ல தயிர் டப்பாவுக்குப் பின்னாடி ஊசிய ஒளிச்சு வெச்சிருந்தேன், அம்மா பார்த்துட்டு ஒண்ணும் கேக்கல, மறுநாள்லேர்ந்து இளநி வாங்கிட்டு வந்தாங்க. முட்டைய முழுசா பக்குவமாக்குற கடைசி ட்ரிகர் ஊசி மட்டும் சொன்ன நேரத்துக்கு கரெக்டா போடணும், அதுலேர்ந்து சுமார் 36 மணி நேரத்துல மயக்கம் குடுத்து முட்டை எடுப்பாங்க. எனக்கு 9 வந்துச்சு, 7 தான் ஃப்ரீஸ் பண்ற பக்குவத்துல இருந்துச்சு.

லேப்_அண்ணன்: தங்கச்சி, ஏஎம்ஹெச் எண்ணிக்கையத்தான் காட்டும், தரம் வயசப் பொறுத்தது, அதனால 33ங்கறது நல்ல நேரம்தான், இன்னும் தள்ளிப் போடாதீங்க. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல முட்டைக்கு வயசாகாது, ஆனா உருக்கும்போது எல்லாமே பொழைக்காது, பொழைச்சதெல்லாம் கருவாகவும் ஆகாது, இத கிளினிக்ல தெளிவா கேட்டுக்கோங்க. ஸ்டோரேஜ் ஃபீஸ் தனி. 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி 50 வயசுக்குள்ளதான் நீங்க இந்த ட்ரீட்மென்ட் எடுக்க முடியும்.

கோவைக்கிளி: மதுரை அக்கா, அந்த இளநி விஷயம் படிச்சு அழுதுட்டேன். ரொம்ப தேங்க்ஸ்ணா, திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு.