சைக்கிளில் போவது எவ்வளவு ஆபத்து? கணக்குப் போட உதவுங்கள்

வணக்கம். தினமும் வேளச்சேரியிலிருந்து தரமணிக்குச் சைக்கிளில் போகிறேன். "உயிரோடு விளையாடாதே" என்று வீட்டில் ஒரே பாட்டு. சரி, எண்ணை வைத்தே பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சைக்கிளில் போனவர்கள் 4,836 பேர் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகம். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆனால் இதைக் காட்டி என் அம்மாவிடம் வாதாடினால் அது ஏமாற்று வேலை. மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று தெரியாமல் எதால் வகுப்பது? யாருமே ஓட்டாத சாலையில் யாரும் சாகமாட்டார்கள்!

கைக்குக் கிடைத்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும்தான். வேலைக்கு எதில், எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று அதில் கேட்டார்கள். விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை. அதற்குப் பிந்தைய பயண ஆய்வு ஏதேனும் உங்களிடம் உண்டா?

இன்னொரு சிக்கல், சிறு காயங்கள். போன மாதம் நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்து என் முழங்கை சிராய்த்தது. மருந்து தடவியதோடு சரி. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை.

ஆகவே, கடந்த ஓராண்டில் ஓட்டிய கிலோமீட்டரையும் விழுந்த தடவைகளையும் எழுதுங்கள். விழாதவர்கள் கட்டாயம் எழுதவேண்டும். இல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.