புதுப்பிப்பு: "நாளென் செயும்" பாடலை மலேசியாவின் பத்துமலையில் சொல்வது

தைப்பூச விரதத்தில் மனம் சோரும்போது சொல்ல, அருணகிரிநாதரின் கந்தரலங்காரம் 38ஆம் பாடலைப் பரிந்துரைத்திருந்தேன்:

நாளென் செயும்வினை தானென் செயுமெனை நாடிவந்த
கோளென் செயுங்கொடுங் கூற்றென் செயுங்கும ரேசரிரு
தாளுஞ் சிலம்புஞ் சதங்கையுந் தண்டையுஞ் சண்முகமுந்
தோளுங் கடம்பு மெனக்குமுன் னேவந்து தோன்றிடினே

 மூன்றாம் அடி தடுமாறுகிறது, படியேறும்போது மூச்சு போதவில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

இது கட்டளைக் கலித்துறை என்ற, அடிக்கு எழுத்துக் கணக்குள்ள பாவகை. புள்ளி எழுத்துகளை (மெய்யெழுத்துகளை) நீக்கி எண்ணினால் அடிக்கு 16 எழுத்து. ஒரே மூச்சில் சொல்லும் அளவுதான். "தான் என்செயும் எனை" என்று சொல் சொல்லாக வெட்டினால் இடைவெளியில் மூச்சு வீணாகும். "தானென் செயுமெனை" என்று சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்றாம் அடியில் சிலம்பு, சதங்கை, தண்டை மூன்றும் காலணிகள் என்பதால் வரிசை மாறிவிடுகிறது. கண்ணை மூடி, திருவடியில் தொடங்கி அதன் அணிகள், பிறகு ஆறுமுகம், தோள், கடம்பமாலை என மனத்தால் ஏறிச் செல்லுங்கள். பாடலின் வரிசையே அதுதான்; பார்த்தபடி சொன்னால் நாக்கு தவறாது.

இரண்டாம் அடியோடு நிறுத்திவிட வேண்டாம். நாள், வினை, கோள், கூற்று (எமன்) என்ன செய்யும் என்ற நான்கு கேள்விகளும் "தோன்றிடினே" (முருகன் முன்னே வந்து தோன்றினால்) என்ற கடைசிச் சொல்லில்தான் முடிகின்றன. தைரியம் முழுக்க அந்த நிபந்தனையில் இருக்கிறது.

பத்துமலையின் 272 படிகளில் பால்குடத்தோடு ஏறுகிறவர்கள் நடக்கும்போது மனத்துக்குள் மட்டும் சொல்லுங்கள். படிகளுக்கு இடையிலுள்ள தளத்தில் ஓரமாக நின்று, மூச்சு சீரானதும் வாய்விட்டு ஒரு முறை சொன்னால் போதும்.

பிள்ளைகளுக்கு நான்காம் அடியை முதலில் கற்றுக்கொடுங்கள். பிறகு மூன்றாவது, இரண்டாவது என்று முன்னால் சேர்த்துக்கொண்டே போனால், பாடலின் பிற்பகுதி மறக்காது.