பெரிய வீட்டுக் குழு: தொண்டிப் படகு

மெய்யப்பன், காலை 6.48
எல்லோருக்கும் வணக்கம். தொண்டியில் பழைய பைபர் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 18 அடி. படகு மட்டும் 55,000, எஞ்சினோடு 1,40,000 என்கிறார்கள். நானும் நாச்சியப்பனும் பாதிப் பாதி போடுவதாகப் பேச்சு. மழைக்காலத்தில் நம் ஊர்க் கண்மாய், கோடையில் தொண்டிக் கடல். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடத்தான்.

உமையாள் ஆச்சி, 6.55
கடலுக்கா? முதலில் அண்ணனைக் கேள்.

சொக்கலிங்கம் அண்ணன், 7.20
ஆசை நல்லதுதான் தம்பி. ஆனால் ஒரே படகு இரண்டு தண்ணீருக்கும் ஆகாது. கடல் படகுக்கு அடி கூராக இருக்கும், அலையை வெட்டிப் போவதற்கு. அதைக் கண்மாயில் இறக்கினால் சேற்றில் உட்கார்ந்துவிடும். கண்மாய்க்குத் தட்டை அடி வேண்டும். தட்டை அடியைக் கடலில் விட்டால் சின்ன அலைக்கே தடால் தடாலென்று அடித்து உள்ளே தண்ணீர் ஏறும்.

நாச்சியப்பன், 7.24
தொண்டிக் கடல் குளம் மாதிரி கிடக்கிறதே அண்ணே?

சொக்கலிங்கம் அண்ணன், 7.31
நீ பார்த்த நாளில் கிடந்திருக்கும். ஆழம் குறைந்த கடலில் காற்று எழும்பினால் அலை குட்டையாக, அடுத்தடுத்து வரும். வாடைக்காற்றில் ஒருமுறை கரையில் நின்று பாருங்கள், போதும்.

மெய்யப்பன், 7.33
விலை சரிதானா அண்ணே?

சொக்கலிங்கம் அண்ணன், 7.46
வாங்குகிற விலையோடு முடிந்தால் பரவாயில்லை. 18 அடிப் படகை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கரையிலேயே போட்டு, பார்த்துக்கொள்ள ஆளுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். எஞ்சினை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுக்குத்தான், ஆனாலும் மீன் முட்டையிடுகிற அந்த 61 நாள் பொழுதுபோக்குக்குப் போகிறவன் கரையில் இருப்பதுதான் மரியாதை. அப்புறம் மிச்சம் எத்தனை ஞாயிறு? நீயே எண்ணிப் பார்.

நாச்சியப்பன், 7.50
அப்படியென்றால் காற்றடைக்கிற ரப்பர் படகு? டிக்கியில் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

சொக்கலிங்கம் அண்ணன், 8.04
நான் ஒன்று வாங்கினேன். மூன்றாவது தடவையே தண்ணீருக்குள் இருந்த வேலிக்கருவை முள் கிழித்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர், பிழைத்தேன். நம் கண்மாய் எல்லாவற்றிலும் கருவை உண்டு. வேண்டாம்.

10 அடி, தட்டை அடி, பைபர், எஞ்சின் இல்லாமல் துடுப்பும் ஒரு நீள மூங்கிலும். இரண்டு பேர் தூக்கி வண்டிமேல் கட்டிவிடலாம். வாங்கும்போது வெயிலில் கவிழ்த்துப் பாருங்கள், ஒட்டுப் போட்ட இடம் நிறம் மாறித் தெரியும். தரையில் வைத்து உள்ளே மிதித்தும் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் விட்டுவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, அதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

கடலுக்கு வேண்டுமென்றால் தெரிந்த நாட்டுப்படகுக்காரரோடு வருஷத்துக்கு நாலு தடவை போங்கள். அவருக்கு ஒருநாள் வருமானமும் டீசலும் கொடுத்தாலும், சொந்தமாக வைத்திருக்கும் செலவில் கால்வாசி வராது. காற்று, எல்லை எல்லாம் அவருக்குக் கைரேகை மாதிரி.

வள்ளியப்பன் அம்மான், 8.15
கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்க மீன்பாசி குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். அவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருக்கிறார். முறையாகக் கேட்டால் தூண்டிலுக்கு மறுக்க மாட்டார். விரால் பிடித்தால் ஒன்றை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மெய்யப்பன், 8.22
சரி அம்மான். அண்ணே, தொண்டிக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். 10 அடிப் படகுக்கு மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு வரும்?

சொக்கலிங்கம் அண்ணன், 8.25
பழையதாகக் கிடைத்தால் ஆளுக்கு 10,000 வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் நான்தான்.

உமையாள் ஆச்சி, 8.31
கண்மாய் வற்றினால் எட்டு மாதம் அதை எங்கே போடுவீர்கள்? வளவு முற்றத்துக்குள் கூடாது, அப்பத்தா விடாது. பின்கட்டில் நிழல் இருக்கிறது, கவிழ்த்து வைக்கலாம். கதவு அகலம் இப்போதுதான் அளந்தேன், மூன்றே கால் அடி. படகை அளந்துகொண்டு வாங்கு மெய்யப்பா.