225/45 ஆர்17 டயர் மாற்ற வேண்டும்: இரண்டா, நான்கா, எந்த வகை?

வணக்கம். முன்சக்கரத்தில் ஓடும் ஹேட்ச்பேக், காரோடு வந்த டயர்கள்தான் இதுவரை. முன்னால் உள்ள இரண்டும் உள்பக்க ஓரத்தில் வழவழவென்று தேய்ந்துவிட்டன, நடுவில் இன்னும் 3 மில்லிமீட்டர் இருக்கிறது. பின்னால் 4 மில்லிமீட்டருக்கு மேல். மழையில் வளைவு திரும்பினால் முன்பக்கம் வெளியே இழுக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. தினமும் வேலைக்குப் போவதும் இந்தக் காரில்தான், விடுமுறையில் மலைப்பாதையில் ரசித்து ஓட்டுவதும் இதில்தான். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். டிரெட்வேர் (தேய்மான எண், குறைந்தால் ரப்பர் பொதுவாக மென்மை) 200 என்று போட்ட டயர்தான் ஒட்டிக்கொண்டு போகும் என்கிறான் நண்பன், கூடவே 18 இன்ச் ரிம்முக்கும் மாறச் சொல்கிறான். முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் (வளைவுப்பிரியன்):
டயரை விடுங்கள், முதலில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பாருங்கள். உள்ஓரம் மட்டும் இப்படித் தேய்கிறதென்றால் பெரும்பாலும் டோ வெளியே போயிருக்கும், அதாவது சக்கரங்களின் முன்முனை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், சக்கரங்கள் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டேதான் உருளும். கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி சாய்ந்திருப்பது) மட்டும் இருந்தால் இவ்வளவு வேகமாகத் தின்னாது. டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), கன்ட்ரோல் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையின் ரப்பர் மூட்டு) இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் வைத்தால் நிற்காது. அளவுகள் அச்சிட்ட தாளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இதைச் செய்யாமல் எந்த டயர் போட்டாலும் அதுவும் இதே மாதிரிதான் போகும்.

பதில் (ஈரச்சாலை):
200 டயர் தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம், உறுதியாகச் சொல்கிறேன். அந்த ரப்பர் சூடேறினால்தான் முழுப் பிடிமானம் தரும், வேலைக்குப் போகிற தூரத்தில் அந்தச் சூடு வராது. பல மாடல்களில் பள்ளங்களும் ஆழம் குறைவு, தண்ணீர் தேங்கிய இடத்தில் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும், சத்தமும் அதிகம். இன்னொன்று, டிரெட்வேர் எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போடுகிறார், அதனால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-ஓடு ஒப்பிட முடியாது. நீங்கள் சொன்ன இரண்டுமே கோடை டயர்கள், மழைக்கும் நல்லவை. ஆனால் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போகிற இடமாக இருந்தால் அந்த ரப்பர் இறுகிவிடும், அப்போது ஆல் சீசன் அல்லது குளிர்காலத்துக்குத் தனி செட்.

நான் மழைப் பிரேக்கிங்கைப் பார்த்துத்தான் டயர் எடுப்பேன். காய்ந்த சாலையில் நல்ல டயர்கள் எல்லாமே தேவைக்கு மேல்தான் பிடிக்கும், வித்தியாசம் தெரிவது நனைந்த சாலையில்தான்.

பதில் (பழைய மெக்கானிக்):
தம்பி, இரண்டுதான் வாங்கப் போகிறாய் என்றால் புதியதைப் பின்னால் போடு, இப்போது பின்னால் இருப்பதை முன்னால் கொண்டு வா. முன்சக்கரக் கார்தானே, ஏன் பின்னால் என்று எல்லாரும் கேட்பார்கள். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டாலே பெரும்பாலும் திரும்பிவிடும், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதைப் பிடிக்க எல்லாராலும் முடியாது. ஆனால் மலைப்பாதை என்கிறாய், நான்கும் ஒரே டயராக மாற்றுவதுதான் என் விருப்பம்.

18 இன்ச்சுக்கு 225/40 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம்) போட்டால் மொத்த விட்டம் 634-லிருந்து 637 மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. சைடுவால், அதாவது பக்கச்சுவர்தான் 101-லிருந்து 90-க்கு இறங்கிவிடும். குழியில் விழுந்து வளைந்த ரிம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 17-லேயே இரு. டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோட் எண்ணும், அதிகபட்ச வேகத்தைச் சொல்லும் வேக எழுத்தும் கார்க் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே போகாதே: 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670. கடைசியாக, சைடுவாலில் உள்ள நான்கு இலக்கத் தேதியை மாட்டுவதற்கு முன்னாலேயே படி, 2324 என்றிருந்தால் 2024-ன் 23-வது வாரம்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. இன்று காரைத் தூக்கிப் பார்த்தார்கள், இடதுபக்க டை ராட் எண்ட் ஆடுகிறது, டோவும் வெளியேதான். அதை மாற்றிவிட்டு நான்கு பைலட் ஸ்போர்ட் 5, லோட் எண் 94, வேக எழுத்து ஒய், அதே 17-ல் போடுகிறேன்.

பதில் (ஈரச்சாலை):
நல்ல முடிவு. முதல் சில நூறு கிலோமீட்டர் வளைவுகளில் நிதானமாகப் போங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு மேல்தோலில் கொஞ்சம் இருக்கும், அது தேய்ந்த பிறகுதான் டயர் முழுசாகப் பிடிக்கும்.